பிரதியும் வார்ப்புருவும்: முகிற்கணிமை பற்றிய ஒரு கண்டனம்

நமது அரச, கல்வி, சமூக நிறுவனங்களின் நினைவு முழுவதும் ஏட்டிலிருந்து இயந்திரத்துக்கு இடம்பெயர்ந்துவிட்டதென்பதை இன்று எவரும் மறுப்பதற்கில்லை. ஆயின் அவ்வியந்திரம் வீழ்ந்தால் அதனை மீள எழுப்பும் அறிவு எங்கே வைக்கப்பட்டுள்ளது என்னும் வினாவை நம்மவர் எழுப்புவது அரிது. தரவுக்குப் பிரதி உண்டா என்று கேட்போர் உளர். அத்தரவு குடியிருக்கும் முறைமையை வெற்று நிலத்திலிருந்து கட்டியெழுப்புவதற்கான வார்ப்புரு உண்டா என்று கேட்போர் இலர். இந்த இரண்டாவது வினாவைக் கேளாதிருத்தலை வெறுந் தொழில்நுட்பக் குறைபாடாக நான் கருதவில்லை. அறிவு என்பது யாது, அது யாரிடம் இருக்கவேண்டும் என்பன பற்றிய நமது மனப்பாங்கின் குறைபாடாகவே அதனைக் கருதுகின்றேன். சில நண்பர்களுக்கு இது உவப்பாயிராது. அம்மனப்பாங்கு பல்கலைக்கழகத்தினுள்ளேயே வேரூன்றியிருப்பதாற் சொல்லாமலிருக்கவும் இயலவில்லை.

ஓர் அனுபவத்தை முதலிற் கூறிவிடுகின்றேன். மருதானைப் புகையிரத நிலையத்திலிருந்து நடந்தே செல்லக்கூடிய தொலைவில் ஒரு சிறு நிறுவனம் உண்டு. அதன் பெயர் இங்கு வேண்டுவதில்லை. பல ஆண்டுகளாகத் தன் பயனாளிகளின் பதிவேட்டை ஒரு சேவையகத்தில் வைத்திருந்தது. 2022 மார்ச் மாதக் கடைசியில், நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்சாரம் துண்டிக்கப்பட்ட அந்நாள்களில், அச்சேவையகத்தின் வன்தட்டு உயிர்விட்டது. அங்கே பதற்றம் எதுவும் இருக்கவில்லை. பொறுப்பாளர் மிக ஒழுங்கானவர். ஒவ்வொரு நாளும் மாலையில் தரவுத்தளத்தின் பிரதியொன்று வெளித்தட்டில் எடுக்கப்பட்டிருந்தது, அதுவும் இரண்டு தட்டுகளில். என்னை அழைத்தவர் "அரை நாள் வேலை" என்றார். நானும் அவ்வாறே நம்பிச் சென்றேன்.

பதினொரு நாள்கள் சென்றன.

தரவு ஒரு துளியும் குறையவில்லை. குறைந்தது வேறொன்று. அச்சேவையகத்தை முதன்முதலில் அமைத்தவர் முந்திய ஆண்டே கனடாவுக்குப் புலம்பெயர்ந்திருந்தார். எந்த இயங்குதளத்தின் எந்தப் பதிப்பு, எந்த மொழிபெயர்ப்பி, எந்தெந்தத் துணைக்கூறுகள், எந்தக் கதவு திறந்து எந்தக் கதவு பூட்டியிருந்தது என்பவை யாவும் அவருடைய தலைக்குள் இருந்தன. தலை அவருடன் சென்றுவிட்டது. புதிய இயந்திரத்தில் புதிய தரவுத்தள மென்பொருளை நிறுவிப் பிரதியை ஊற்றியபோது திரையில் தோன்றிய காட்சியை நான் மறப்பதற்கில்லை. ஆங்கிலத்திற் பதியப்பட்ட பெயர்கள் எல்லாம் நலமாயிருந்தன. தமிழ்ப் பெயர்களும் சிங்களப் பெயர்களும் ஐரோப்பியக் குறியெழுத்துகளின் குப்பையாய்க் கிடந்தன. இவ்விரு மொழியினரும் ஒரே கதிக்கு ஆளான அரிய சந்தர்ப்பங்களுள் அதுவும் ஒன்றென அங்கிருந்த ஒருவர் சிரித்தார். பழைய தரவுத்தளம் இலத்தீன் குறிமுறையில் அமைக்கப்பட்டு, அதனுள் யூனிக்கோட் எழுத்துகள் மாறுவேடத்திற் புகுத்தப்பட்டிருந்தன. அமைப்புக் கோப்பிலிருந்த ஒரேயொரு வரி அவ்வேடத்தைப் பல ஆண்டுகளாக ஓசைப்படாமற் களைந்து வந்தது. அந்த வரி எந்தப் பிரதியிலும் இல்லை. அதைத் தரவென்று எவரும் கருதியிருக்கவில்லை.

இவ்விடத்து வார்ப்புரு என்றால் என்னவென்பதைத் தெளிவுபடுத்துதல் நன்று. முகிற்கணிமையில் நாம் வாடகைக்குப் பெறுவது இரும்பாலான இயந்திரத்தையன்று. பெரியதோர் இயந்திரத்தின் ஆற்றலைப் பகுத்து, ஒவ்வொரு பகுதியும் தனி இயந்திரம் போல் நடந்துகொள்ளுமாறு செய்த மெய்நிகர் இயந்திரத்தையே பெறுகின்றோம். அதை எழுப்புவதற்கு இரு வழிகள் உண்டு. ஒருவர் திரையின் முன் அமர்ந்து ஒவ்வொன்றாகத் தெரிந்து, நிறுவி, திருத்தி முடிப்பது ஒன்று. எத்தனை செயலகங்கள், எவ்வளவு நினைவகம், எந்த வலையமைப்பு, எவ்வெம் மென்பொருள்கள், எப்பதிப்பு, எந்த அமைப்புகள் என்பவற்றையெல்லாம் ஓர் உரைக்கோப்பில் எழுதி, அதனை வாசித்து நிறைவேற்றும் பணியைக் கணினியிடமே விட்டுவிடுவது மற்றையது. இடத்துக்கிடம் மாறவேண்டியவை, அதாவது பெயர், முகவரி, கொள்ளளவு போன்றவை, மாறிகளாக வெளியே நிறுத்தப்படும். மாறக்கூடாதவை உள்ளே நிலைக்கும். அவ்வுரைக்கோப்பே வார்ப்புரு. ஒருமுறை எழுதினால் நூறுமுறை நிறைவேற்றலாம். நூறாவது இயந்திரமும் முதலாவதைப் போலவே இருக்கும்.

தமிழ் பயில்வோர்க்கு இதனை விளக்க வேறு உவமை தேட வேண்டியதில்லை. ஏடு எழுதியோர் ஒவ்வொருவரும் ஒவ்வோரிடத்தில் கண்ணயர்ந்தனர். ஒருவர் ஓரடியை விட்டார், இன்னொருவர் உரையை மூலத்துடன் சேர்த்தெழுதினார். கலித்தொகையை 1887 இல் அச்சேற்றிய சி. வை. தாமோதரம்பிள்ளை போன்றோர் பல ஏடுகளை ஒப்புநோக்கிப் பாடபேதங்களைக் களைவதிற் பட்ட துன்பம் நாம் அறிந்ததே. கையால் அமைக்கப்பட்ட பத்துச் சேவையகங்கள் பத்து ஏட்டுப் பிரதிகளே. முதல் நாள் ஒன்றுபோலிருக்கும். ஓராண்டின் பின் ஒன்றிற் பாதுகாப்புத் திருத்தம் ஏறியிருக்கும், மற்றொன்றில் ஏறியிராது. ஒன்றில் யாரோ அவசரத்துக்குத் திறந்த வாயில் மூடப்படாதிருக்கும். கணினித்துறையினர் இதனை விலகல் என்பர். பாடபேதம் என்பதே பொருத்தமான சொல்லென எனக்குத் தோன்றுகின்றது. ஏட்டிற் பாடபேதம் வந்தால் ஒரு செய்யுளின் பொருள் மாறும். சேவையகத்தில் வந்தால் ஒரு நோயாளியின் பதிவு தவறிவிடக்கூடும்.

இங்கு ஒரு குழப்பத்தை நீக்க வேண்டும். நன்றாக இயங்கும் ஓர் இயந்திரத்தை அப்படியே உறையவைத்து அதன் முழுப் படிமத்தைப் பெட்டியில் வைப்பதையும் பலர் வார்ப்புரு என்பர். "பொற்படிமம்" என்று அதற்குப் பெருமையாகப் பெயரும் இட்டுள்ளனர். புகையிரதப் பட்டறைகள் இரத்மலானைக்குச் செல்லுமுன் மருதானையிலேதான் இயங்கின. வார்ப்புப் பட்டறையைக் கண்டவர்கள் ஒரு வேறுபாட்டை உடனே உணர்வர். மரத்தாற் செய்த மாதிரியுரு ஒன்று. அதனை மணலிற் பதித்து, உருகிய இரும்பை ஊற்றிப் பெறும் வார்ப்பு இன்னொன்று. மாதிரியுருவைப் பார்த்தால் எங்கே எவ்வளவு தடிப்பு விடப்பட்டது, ஏன் விடப்பட்டது என்பதைத் தேர்ந்த கைவினைஞர் வாசித்துவிடுவார். பொற்படிமம் வெறும் வார்ப்பு. அதைப் பெருக்கலாம், வாசிக்க முடியாது. அதனுள் என்ன இருக்கிறதென்பதை அதைச் செய்தவரும் ஆறு மாதத்தில் மறந்துவிடுவார். முகிற் சந்தைகளில் எவரோ பகிர்ந்த படிமங்களினுள் அவர்களுடைய கடவுச்சாவிகள் அழிக்கப்படாமற் கிடந்தமை 2011 ஆம் ஆண்டளவிலேயே ஜெர்மானிய ஆய்வாளரால் எடுத்துக்காட்டப்பட்டது. ஆதலின் நான் வார்ப்புரு என்று இக்கட்டுரையிற் கூறுவது மனிதர் வாசிக்கக்கூடிய உரையையே. படிமம் அவ்வுரையின் விளைபொருளாக இருக்கலாம். அதற்குப் பதிலாக இருத்தலாகாது.

இனி நாட்டின் நிலைக்கு வருவோம். அதே மருதானையில், நொறிஸ் கனல் வீதியில் தலைமையகம் கொண்டது தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபை. 2015 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டத்தாற் தோன்றிய இவ்வதிகாரசபையே இந்நாட்டில் எந்த மருந்து விற்கப்படலாம் என்பதைத் தீர்மானிப்பது. 2021 யூலையில் அதன் தரவுகள் அரச முகிலிலிருந்து அழிக்கப்பட்டன. விடயம் நீதிமன்றம் வரை சென்றது. மென்பொருட் பொறியியலாளர் ஒருவர் கைதானார். பத்திரிகைகளும் அரசியல்வாதிகளும் அன்று கேட்டது ஒரே கேள்வி: அழித்த கை யாருடையது? அது பொலிசார் கேட்கவேண்டிய கேள்வி. நாம் கேட்டிருக்க வேண்டியது வேறு. ஒரு கை தவறினாலும், வஞ்சித்தாலும், ஒரு நாட்டின் மருந்துப் பதிவேடு நிலைகுலையும் வண்ணம் ஒரு முறைமை ஏன் அமைந்திருந்தது? எந்த அலுவலகத்திலும் கை தவறும். தவறிய பின் மறுநாட் காலை எதை வைத்து மீள எழுப்புவது என்பதைத் தீர்மானிக்காதிருந்தமையே குற்றம். அக்குற்றத்துக்குக் கைவிலங்கு கிடையாது.

ஈராண்டின் பின், 2023 ஓகஸ்ட் 26 இல், அதே அரச முகிலைக் கப்பம் கோரும் மென்பொருள் தாக்கியது. அமைச்சரவை அலுவலகம் உட்பட ஏறத்தாழ 5,000 அரச மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டன. அவ்வாண்டு மே 17 முதல் தாக்குதல் நாள் வரையிலான கடிதங்கள் மீளாமற் போயின. இணைப்பிலிருந்த காப்புப் பிரதிகளும் சேர்ந்தே பூட்டப்பட்டன. இதிற் கவனிக்கத்தக்கது யாதெனின், முறைமை பன்னிரண்டு மணித்தியாலத்தில் மீள எழுந்துவிட்டது. கடிதங்கள் எழவில்லை. என் வாதத்துக்கு இது பாதகமானதென்று சிலர் கருதக்கூடும். எழுப்பும் ஆற்றல் இருந்தும் தரவு இல்லாவிடின் என்ன பயன் என்பர். உண்மையே. வீடின்றிப் பொருளும், பொருளின்றி வீடும் பயனற்றவை. பிரதி வேண்டாமென்று நான் எங்கும் கூறவில்லை. அது போதாதென்றே கூறுகின்றேன். ஆயினும் அந்நிகழ்வின் அடியிற் கிடந்த காரணத்தை நோக்குக. தாக்கப்பட்டது மைக்ரோசொஃப்ட் எக்ஸ்சேஞ்சின் 2013 ஆம் ஆண்டுப் பதிப்பு. அதற்கான ஆதரவை அந்நிறுவனம் 2023 ஏப்ரல் 11 உடன் நிறுத்திவிட்டது. புதிய பதிப்புக்கு மாற 2021 முதலே எண்ணியிருந்ததாகவும் நிதித் தட்டுப்பாடும் முன்னைய சபைத் தீர்மானங்களும் தடையாயினவென்றும் பொறுப்பானோர் விளக்கினர். உரிமக் கட்டணம் ஒரு தடை என்பதை ஏற்கலாம். எனினும் இத்தகைய ஒத்திப்போடல்களுக்குப் பின்னால் இன்னொன்று உண்டென்பதை இத்துறையிற் பணிபுரிந்தோர் அறிவர். அது அச்சம். கையால் அமைத்த முறைமையைத் தொட எவருக்கும் துணிவு வராது. தொட்டால் எது அறுந்துவிழும் என்பது எவருக்கும் தெரியாது. வார்ப்புரு இருக்குமாயின் பழையதைத் தொடவேண்டியதே இல்லை. பதிப்பெண்ணை மாற்றி, பக்கத்தில் ஒரு புதிய முறைமையை எழுப்பி, சோதித்து, பிழைத்தால் அழித்துவிட்டு மறுபடியும் எழுப்பலாம். ஒரு பிற்பகல் போதும்.

செல்வந்த நாடுகளும் இதில் நம்மை விட வெகுதூரம் முன்னே நிற்கவில்லை. தென்கொரியாவின் தேஜோன் நகரிலுள்ள அரச தரவு நிலையத்தில் 2025 செப்டெம்பர் 26 இல் மூண்ட தீயினால் முதலில் 647 முறைமைகள் நின்றன. அரச ஊழியரின் கோப்புகளைக் கொண்ட 858 தெராபைற்றுக் களஞ்சியம் மாற்றுப் பிரதியின்றி எரிந்தது. கொரியரே அப்படியென்றால் நாம் எம்மாத்திரம் என்று ஆறுதலடைவோர் ஆறுதலடையலாம்.

"இந்தத் தொல்லையெல்லாம் ஏன்? அமேசனிடமும் மைக்ரோசொஃப்டிடமும் விட்டுவிடலாமே, அவர்களிடம் ஆயத்த வார்ப்புருக்கள் மலிந்து கிடக்கின்றனவே" என்பது அடுத்த வாதம். நமது பட்டதாரிகளிற் பெரும்பாலோர் இவ்வாதத்தையே உண்மையென நம்பி வெளியேறுகின்றனர். ஆயத்த வார்ப்புரு கிடைப்பது உண்மை. அது யாருடைய நிலத்தில் மட்டும் முளைக்கும் என்பதே வினா. அமேசன் 2011 இல் வெளியிட்ட கிளவுட்ஃபோர்மேஷனில் எழுதப்பட்ட வார்ப்புரு அமேசனின் முகிலில் மட்டுமே உயிர்பெறும். ஐ.பி.எம். 2012 இல் மெய்நிகர் முறைமைகளுக்கான மாதிரியமைப்புகளைத் தனது பெட்டியுடனேயே சேர்த்து விற்றது. பெட்டியில்லாதவனுக்கு மாதிரியமைப்பால் ஆவதொன்றுமில்லை. எல்லா முகில்களுக்கும் பொதுவாக ஒரு வார்ப்புரு மொழி வேண்டுமென்று ஓயாசிஸ் அமைப்பு 2013 இல் ரொஸ்கா என்னும் நியமத்தை வெளியிட்டது. நல்ல நியமம். பெரிய வணிகர்கள் அதைத் தலையசைத்து வரவேற்றுவிட்டுத் தத்தம் மொழியிலேயே எழுதிக்கொண்டிருந்தனர்.

பொதுமொழியாகப் பின்னர் உலகெங்கும் பரவியது 2014 இல் தோன்றிய தெராஃபோம். திறந்த உரிமத்தில் வளர்ந்த அம்மென்பொருளுக்குப் பல நாட்டு இளைஞர்கள் ஊதியமின்றி உழைத்தனர். 2023 ஓகஸ்டில் அதன் உரிமையாளரான நிறுவனம் உரிமத்தை ஒரே அறிவித்தலில் மாற்றிக் கதவைப் பாதி சாத்தியது. 2025 பெப்ரவரியில் அந்நிறுவனமே ஐ.பி.எம்மின் உடைமையாயிற்று. சமூகத்தவர் வாளாவிருக்கவில்லை. ஓரிரு மாதங்களுள் ஓப்பின்ரோஃபு என்னும் கிளையைப் பிரித்து, லினக்ஸ் அறநிறுவனத்தின் கீழ் வைத்தனர். இதற்கிடையில் வீஎம்வெயாரை 2023 நவம்பரில் வாங்கிய புரோட்கொம், நிரந்தர உரிமம் விற்பதையே நிறுத்திச் சந்தாவாக்கியது. அதன்மேல் கட்டியெழுப்பியிருந்தோர், எத்தனை நேர்த்தியாகக் கட்டியிருந்தபோதிலும், குத்தகைக்காரராயினர். இவை தூரத்துச் செய்திகளல்ல. 2022 மார்ச்சில் டொலருக்கு 200 ரூபாவளவில் இருந்த நமது நாணயம் மே மாதமளவில் 360 ஆக வீழ்ந்தது. முகிற் கட்டணம் டொலரில் வருவது. அன்று உள்நாட்டுச் சேவையகத்துக்கு இடம்மாற விரும்பிய ஒரு நிறுவனத்துக்கு, தன் வார்ப்புரு எந்த மொழியில் எழுதப்பட்டிருந்தது என்பது நூலறிவு சார்ந்த வினாவாக இருந்திராது. மாதச் சம்பளப் பட்டியலுக்குரிய வினாவாகவே இருந்திருக்கும்.

நம்மவர்க்கு இது இயலாது என்போர்க்கு ஒரு வரலாறு. கொழும்பில் 2005 இல் நிறுவப்பட்ட டபிள்யூஎஸ்ஓ2 என்னும் நிறுவனத்தின் பொறியியலாளர்கள் ஸ்ராற்றோஸ் என்னும் முகிற்தளத்தை உருவாக்கி 2013 இல் அப்பாச்சி அறநிறுவனத்துக்கு வழங்கினர். அது 2014 இல் அங்கே உயர்நிலைத் திட்டமாயிற்று. ஒரு மென்பொருளுக்கு வேண்டிய இயந்திரம், அமைப்பு, கண்காணிப்பு ஆகியவற்றை "காற்றிட்ஜ்" என்னும் ஓரலகாகப் பொதிந்து, அதே அலகை அமேசன் முகிலிலும் ஓப்பின்ஸ்ராக் முகிலிலும் எழுப்பலாம் என்பதே அதன் மையக் கருத்து. அதாவது, மீளப் பயன்படுத்தத்தக்க வார்ப்புரு பற்றி உலகம் விவாதித்துக்கொண்டிருந்த காலத்தில், கொழும்பிலிருந்து ஒரு முழுமையான விடை சென்றது. டொக்கரும் குபர்நேற்றிஸும் சந்தையை அள்ளிச் சென்றதன் பின் ஸ்ராற்றோஸ் ஓய்ந்து, அப்பாச்சியின் பரணிற் சேர்ந்தது. மென்பொருளுலகில் இது இயல்பு, வெட்கப்பட ஏதுமில்லை. வெட்கப்பட வேண்டியது யாதெனில், இதனைக் கற்கும் மாணவருள் எத்தனைபேர் அப்பெயரையேனும் அறிவர் என்பது. வெளிநாட்டு வணிகரின் சான்றிதழ்ப் பரீட்சைக்காக அவர்தம் பொத்தான்களின் பெயரை மனனஞ் செய்யும் நாம், நம் பக்கத்து வீதியில் எழுதப்பட்ட மூலநிரலை ஒருமுறை திறந்து பார்த்ததில்லை.

வார்ப்புருவை எதிர்ப்போரிடம் வலுவுள்ள ஒரு வாதம் இருக்கிறது. அதை மறைக்காமற் கூறவேண்டும். வார்ப்புரு நன்மையைப் பெருக்குவது போலவே பிழையையும் பெருக்கும். கையால் அமைப்பவன் ஓர் இயந்திரத்திற் பிழைவிடுவான். வார்ப்புருவிற் பிழைவிட்டவன் நூறு இயந்திரங்களிற் பிழைவிடுவான். இது முற்றிலும் சரி. தமிழரைப் பொறுத்தவரையில் இது நாள்தோறும் நிகழும் பிழை. மைஎஸ்கியூஎல் தரவுத்தளம் 2018 இல் வெளியான எட்டாம் பதிப்பு வரை இலத்தீன் குறிமுறையையே தன் இயல்புநிலையாகக் கொண்டிருந்தது. அதற்கு முந்திய பதிப்பை மாற்றமின்றி எடுத்தாண்ட எந்த வார்ப்புருவும் தமிழை வினாக்குறிகளின் வரிசையாக்கும் வாய்ப்பையும் சேர்த்தே பெருக்கியது. தமிழ் எழுத்துரு நிறுவப்படாத சேவையகம் அச்சிடும் சான்றிதழில் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் வெறும் சதுரங்கள் நிற்கும். தமிழ்க் குறிமுறைக்கு எஸ்.எல்.எஸ். 1326 என்னும் தேசிய நியமமே நமக்குண்டு. 1987 இன் பதின்மூன்றாம் திருத்தம் தமிழும் அரசகரும மொழி என்றது. அரசியலமைப்பிலுள்ள அவ்வாசகம் சேவையகத்தின் வார்ப்புருவில் மூன்று வரிகளாக இறங்காதவரையில் கவுண்டரின் முன் நிற்கும் முதியவருக்கு அதனாற் பயனில்லை. எழுத்துரு ஒரு வரி, குறிமுறை ஒரு வரி, வரிசைப்படுத்தும் ஒழுங்கு ஒரு வரி. இம்மூன்றும் ஒருமுறை எழுதப்பட்டால் அவ்வார்ப்புருவிலிருந்து எழும் ஒவ்வொரு அலுவலகத்திலும் தமிழ் கேளாமலே இருக்கும். எழுதப்படாவிட்டால் ஒவ்வொரு அலுவலகத்திலும் நாம் தனித்தனியே முறைப்பாடு எழுதிக்கொண்டிருப்போம். முறைப்பாடு எழுதுவதில் நாம் தேர்ந்தவர்கள் என்பதையும் மறுப்பதற்கில்லை.

ஆதலாற் பிழை பெருகும் என்ற வாதம் வார்ப்புருவுக்கு எதிரானதன்று. வார்ப்புருவை வாசிக்காமல் இறக்கி ஓட்டுவதற்கே அது எதிரானது. இன்று மாணவர் செய்வது பெரும்பாலும் அதுதான். எவரோ எழுதிய கோப்பை இறக்குவது, மாறியிற் தன் பெயரை இடுவது, பச்சை விளக்கு எரிந்ததும் அறிக்கை எழுதுவது. பஞ்சிகாவத்தையில் நான்கு வாகனங்களின் பாகங்களைக் கொண்டு ஐந்தாவதை ஓடவைக்கும் மெக்கானிக்கிடம் இதைவிட மிகுந்த அறிவு உண்டு. அவர் ஒவ்வொரு பாகத்தையும் கையிலெடுத்துத் திருப்பிப் பார்க்கிறார்.

இது நம்மை விரிவுரையாளரிடம் கொண்டுவருகிறது. "வார்ப்புரு எழுதுதல் கைத்தொழில், பல்கலைக்கழகம் கோட்பாட்டைக் கற்பிக்க வேண்டும், கருவிகள் ஐந்தாண்டில் மாறிவிடும்" என்பது அவர்களுடைய நிலைப்பாடு. கருவிகள் மாறும் என்பது உண்மை. ஆனால் ஒரு முறைமையின் எவ்வியல்புகள் மாறாதவை, எவை மாறிகள் என்று பிரித்துணர்வதும், ஒரே கட்டளையைப் பத்துமுறை நிறைவேற்றினும் விளைவு ஒன்றாகவே இருக்குமாறு எழுதுவதும், இரகசியத்தை உரையினின்றும் பிரித்து வைப்பதும் ஐந்தாண்டில் மாறுபவையல்ல. இவை கோட்பாடில்லையெனின் எது கோட்பாடு? இந்தக் கை–மூளைப் பிரிவினை நமக்குப் புதிதன்று. மருதானையிற் தொழில்நுட்பக் கல்லூரி தோன்றியது 1893 இல். பல்கலைக்கழகத்துக்குள் பொறியியல் பீடமொன்று நுழைய 1950 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இடைப்பட்ட அரைநூற்றாண்டுக்கும் மேலாக இந்நாட்டின் பாலங்களையும் புகையிரதங்களையும் பற்றிய அறிவு பல்கலைக்கழகத்தின் வாசலுக்கு வெளியே நின்றது. அவ்வாசலிலே இன்று நிற்பது வார்ப்புரு. இறுதியாண்டு ஆய்வேட்டில் ஒரு மாணவர் செயற்கை நுண்ணறிவு பற்றிப் பிறர் எழுதிய பத்துக் கட்டுரைகளைத் தொகுத்தெழுதினாற் கிடைக்கும் புள்ளி, ஒரு வைத்தியசாலை ஆய்வுகூடத்தின் முறைமையை எவரும் மீள எழுப்பத்தக்க வார்ப்புருவாக எழுதித் தந்தாற் கிடைப்பதில்லை. இதனை நான் அநீதி என்று அழைப்பதற்குத் தயங்கவில்லை.

1981 யூன் முதல்நாளில் யாழ்ப்பாணப் பொது நூலகம் ஏறத்தாழ 97,000 நூல்களுடன் சாம்பலான பின், பிரதிகளைப் பல இடங்களில் வைக்கவேண்டுமென்ற பாடத்தை நம் சமூகம் கற்றுக்கொண்டது. 2005 இல் தொடங்கிய நூலகம் எண்ணிம ஆவணகம் அப்பாடத்தின் நேரடி விளைவெனக் கொள்ளலாம். தன்னார்வலர் உழைப்பால் அது ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட ஆவணங்களைக் காத்து நிற்கிறது. அதன் பணியில் எனக்கு மிகவும் பிடித்தது பலர் கவனியாத ஓர் அம்சம்: விக்கிப்பீடியாவை இயக்கும் அதே மீடியாவிக்கி, பல்லூடக ஆவணங்களுக்கு ஐலண்டோரா என, உலகெங்கும் நூலகத்துறையினர் அறிந்த திறந்த மென்பொருள்களின் மீதே அது கட்டப்பட்டிருக்கிறது. அவ்விரண்டுக்கும் பொதுவில் வாசிக்கத்தக்க வார்ப்புருக்கள் உண்டு. கொக்குவிலில் இருப்பவர் களைத்துப்போனால் ரொறன்ரோவில் இருப்பவர் எழுப்பலாம். ஒரு வணிக நிறுவனத்திடம் அழகான தளமொன்றைச் செய்வித்திருந்தால் அது இயலாது. நமது ஆலயங்கள், பழைய மாணவர் சங்கங்கள், சனசமூக நிலையங்கள் பலவும் இன்று அழகான தளங்களையே செய்விக்கின்றன. செய்தவரின் தொலைபேசி இலக்கம் மாறும்வரை அவை நன்றாக இருக்கும்.

மருதானை நிறுவனத்துக்கு மீள்கின்றேன். பன்னிரண்டாம் நாள் நானும் அங்கிருந்த இரு இளைஞரும் அமர்ந்து, அந்தப் பதினொரு நாள்களில் அறிந்தவற்றை ஒரு வார்ப்புருவாக எழுதினோம். நூற்று நாற்பது வரிகள் வந்தன. இரவல் வாங்கிய மடிக்கணினி ஒன்றில் வெறுமையிலிருந்து ஓட்டினோம். இருபத்தைந்து நிமிடத்தில் முறைமை எழுந்தது, தமிழ்ப் பெயர்கள் தமிழாய், சிங்களப் பெயர்கள் சிங்களமாய். பொறுப்பாளர் அதனை அச்சிட்டுத் தரும்படி கேட்டார். கணினிக்கான கோப்பைக் காகிதத்தில் எதற்கென்று இளைஞர் இருவரும் சிரித்தனர், நானும் சிரித்தேன். அவர் நான்கு தாள்களையும் துளையிட்டு, காணி உறுதியும் பதிவுச் சான்றிதழும் இருந்த அதே கோவையிற் கட்டி வைத்தார். வீடு திரும்பும் வழியில், எங்கள் மூவரிலும் அவருக்கே விடயம் விளங்கியிருந்ததென்பது எனக்குப் புலப்பட்டது.

திணைக்களங்களும் பல்கலைக்கழகங்களும் கணினி முறைமைகளுக்காக வெளியிடும் விலைமனுக் கோரல்களைப் படித்துப் பாருங்கள். செயலகத்தின் வேகம், நினைவகத்தின் அளவு, உத்தரவாதக் காலம், பயிற்சி பெறுவோர் தொகை என்பவற்றை விரிவாகக் காணலாம். அவற்றுடன் இன்னுமொரு வாசகம் சேர்க்கப்பட வேண்டும்: வழங்குநர் முறைமையின் வார்ப்புருவை வாசிக்கத்தக்க உரையாக, திறந்த மொழியில் ஒப்படைத்தல் வேண்டும், இறுதிக் கொடுப்பனவுக்கு முன்னர், வழங்குநரின் ஊழியர் எவரும் அறையில் இல்லாதிருக்க, திணைக்கள உத்தியோகத்தர் ஒருவர் அவ்வார்ப்புருவை மட்டும் கொண்டு வெற்று இயந்திரத்தில் முறைமையை எழுப்பி, தமிழிலும் சிங்களத்திலும் ஒவ்வொரு பதிவை இட்டு, அச்சிட்டுக் காட்டுதல் வேண்டும். அச்சிட்ட தாளில் சதுரங்கள் இருப்பின் கொடுப்பனவு இல்லை.